சம்பளம் வந்த பிறகு படம் பார்ப்பவர்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்கியலும் சொல்லிக்கொடுப்பவன் நான். சினிமாவைப் பற்றிப் பேச ஒரு கணக்கு வாத்தியாரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் என் மாணவர்கள்தான். லாப நட்டக் கணக்கு எழுதச் சொன்னால் கொட்டாவி விடுகிற பையன்கள், எந்த சூப்பர்ஹீரோ படம் முதல் மூன்று நாளில் எத்தனை மில்லியன் டாலர் வசூலித்தது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். படத்தைத் தயாரித்தவர்களுக்குக்கூட இவ்வளவு கவலை இருக்குமா தெரியவில்லை.

மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ படமான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 24, புதன்கிழமை, மலேசியாவில் திரைக்கு வந்தது. எங்கள் ஊர் இளைஞர்கள் வேன் பிடித்து ஈப்போவுக்குப் போனார்கள். படம் மூன்று மணி நேரம் ஒரு நிமிடம். இடைவேளை கிடையாது. எந்தக் காட்சியில் எழுந்து கழிவறைக்குப் போகலாம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். திரையின் அடியில் மலாயில் ஒரு வரி, சீனத்தில் ஒரு வரி. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் காதில் வாங்கி, மலாய் வரியில் சரிபார்த்து, பக்கத்தில் இருக்கும் தம்பிக்குத் தமிழில் சொல்வார்கள்.

தோரின் சுத்தியலை கேப்டன் அமெரிக்கா தூக்கும் காட்சி வந்ததே, அங்கே யாருக்கும் எந்த வரியும் தேவைப்படவில்லை. முன்னால் இருந்த மலாய் இளைஞர்கள் கைதட்டினார்கள், ஓரத்தில் இருந்த சீனப் பெண்கள் வீலென்று கத்தினார்கள், நம்மவர்கள் விசிலடித்தார்கள். ரஜினி படத்தின் முதல் காட்சிக்கென்று வைத்திருக்கும் அதே விசில். ஒரு பெரியவர் மட்டும் பேரனிடம், “சுத்தியலைத் தூக்கினதுக்கா இவ்வளவு சத்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தகுதி உள்ளவனால் மட்டுமே அதைத் தூக்க முடியும் என்பது முந்தின படங்களில் வந்த கதை. அவற்றைப் பார்க்காதவருக்கு அது வெறும் சுத்தியல்.

அதே சமயம், ரசிகர்கள் மாமியார் மாதிரியும் நடந்துகொள்வார்கள். தமிழ்நாட்டில் வெளியான தமிழ்ப் பதிப்பில் அயர்ன்மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. அவரைத் திரையில் எவ்வளவு பிடிக்குமோ, அந்தக் குரலுக்காக அவ்வளவு திட்டினார்கள். எங்கள் ஊரில் தமிழ் முன்னோட்டத்தை மட்டுமே பார்த்தவர்கள்கூடக் கோபப்பட்டார்கள். வேறு யாராவது பேசியிருந்தாலும் குறை வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, வசூலுக்கு வருவோம். அந்தப் படம் அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 357 மில்லியன் டாலர் வசூலித்தது. உலகம் முழுக்கக் கடைசியில் ஏறக்குறைய 2.8 பில்லியன். ஜூலை மாதம் 'அவதார்' படத்தின் சாதனையைத் தாண்டியது. அதற்காகவே ஜூன் கடைசியில் சில புதுக் காட்சித் துண்டுகளைச் சேர்த்து மறுபடியும் திரையிட்டார்கள் என்று பேச்சு. மார்வெல் ரசிகர்களுக்குத் திருவிழா. வகுப்பறைப் பலகையில் எனக்குத் தெரியாமல் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். 2021 மார்ச்சில் 'அவதார்' சீனாவில் மறுவெளியீடு கண்டு முதலிடத்தைத் திரும்பப் பிடித்தது. பழைய படம் பழைய படமாகவே இருந்தது, எண் மட்டும் இடம் மாறியது.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் வேறு. 'அவதார்' எடுத்த ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி 2019 மார்ச்சிலேயே வாங்கிவிட்டது. மார்வெலும் டிஸ்னிதான். அதாவது இரண்டு கட்சி ரசிகர்களும் சட்டையைப் பிடிக்காத குறையாக அடித்துக்கொண்டது, ஒரே முதலாளியின் வலது பையில் பணம் அதிகமா, இடது பையில் அதிகமா என்பதற்காக.

முதல் வார வசூலை வைத்து நான் ஒரு படத்தை எடைபோட மாட்டேன். முதல் வாரம் வருகிறவர், முந்தின படங்கள் சேர்த்துவைத்த ஆள். விளம்பரம் கூட்டி வந்த ஆள். கதையை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஓடி வந்த ஆள். 'எண்ட்கேம்' இயக்குநர்களான ரூசோ சகோதரர்களே, முடிவை வெளியில் சொல்லாதீர்கள் என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு எவன் காத்திருப்பான்?

படத்தைப் பார்த்தவர் அடுத்தவரிடம் என்ன சொன்னார் என்பது இரண்டாம் வாரத்தில்தான் தெரியும். 2016இல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 166 மில்லியன் எடுத்தது. அடுத்த வார இறுதியில் கிட்டத்தட்ட 69 விழுக்காடு சரிவு. இரண்டு பெரிய நாயகர்களைச் சேர்த்தும் வாய்ப்பேச்சு காலை வாரிவிட்டது. 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' இன்னும் மோசம், 78 விழுக்காடு. ஆனால் 2018இல் 'பிளாக் பேந்தர்' 202 மில்லியனில் தொடங்கி, இரண்டாம் வார இறுதியிலும் 111 மில்லியனுக்கு மேல் எடுத்தது. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் பாட்டி முதல் பேரன் வரை அலங்கரித்துக்கொண்டு போனார்கள். வசதியில்லாத பிள்ளைகளைக் கூட்டிப்போக நிதி திரட்டினார்கள். கடைசியில் அமெரிக்க வசூலில் அதே ஆண்டு வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தையே முந்தியது. தங்களைப் போன்ற முகம் திரையில் ராஜாவாக நின்றால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி எம்.ஜி.ஆர். படம் காட்டிய காலத்தில், ஒரே படம் மறுபடி வந்தாலும் பாயைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம். மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டில் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டியவர்களும் உண்டு.

எங்கள் பக்கத்தில் இரண்டாம் வாரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுதான் சம்பள நாள். ஏப்ரல் 24 என்பது மாதக் கடைசி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரோ தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவரோ அந்த வாரம் நான்கு டிக்கெட் எடுப்பது சிரமம். 'எண்ட்கேம்' வந்து சரியாக ஒரு வாரம் கழித்து மே முதல் தேதி, தொழிலாளர் தினம், பொது விடுமுறை. அன்றுதான் குடும்பங்களாகப் போனார்கள். முடிவு ஊருக்கே தெரிந்திருந்தது. அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் செத்துப்போவான் என்று தெரிந்தே போய், அப்படியும் அழுதுவிட்டு வந்தார்கள். என் கணக்கில் இவர்கள்தான் அசல் ரசிகர்கள். முதல் நாள் காட்சிக்குப் போன பையன்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் வகுப்பில் கணக்காகவே கொடுத்தேன். வசூல் என்றால் முழுவதும் தயாரிப்பாளர் பைக்குப் போகாது. கேளிக்கை வரி உண்டு, திரையரங்கின் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதிதான் ஸ்டூடியோவுக்குக் கிடைக்கும். சீனாவிலிருந்து கால்வாசி. இதைக் கேட்டதும் பையன்களுக்கு முகம் தொங்கிப்போனது, ஏதோ அவர்கள் பணத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி. அப்புறம், ஒரு படம் பார்க்கப் போன செலவைக் கணக்காக எழுதி, எந்தப் பணம் எங்கே போனது என்று பிரித்துக் காட்டச் சொன்னேன்.

பெரும்பாலானவர்கள் டிக்கெட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் டிக்கெட், பாப்கார்ன், வேன் கூலி, திரும்பும் வழியில் மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக் கடையில், சாப்பிட்ட ரொட்டி சானாய், மைலோ ஐஸ் என்று வரிசையாக எழுதினாள். டிக்கெட்டில் ஒரு பங்குதான் ஹாலிவுட்டுக்கு, பாப்கார்ன் பணம் திரையரங்குக்கு, மற்றதெல்லாம் பேராக்கிலேயே நின்றுவிட்டது என்று அடியில் குறிப்பு வேறு. வேன் ஓட்டியவர் அவளுடைய சித்தப்பாவாம், அதனால் அந்தக் கூலியை வரவுப் பக்கத்திலும் எழுதியிருந்தாள். கணக்கியல் விதிப்படி அது தப்பு. ஆனாலும் முழு மதிப்பெண் போட்டேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.