நம் ரொட்டிக்கு விலை வைப்பது யார்?

அட்டன்வரை பஸ் ஏறி வந்திருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போகுமுன் நம் லயத்து வரிசை வீட்டு அடுப்பில் வேகிறதே ரொட்டி, அந்தக் கோதுமை இந்த இலங்கையில் விளைவதில்லை. கப்பலில் வருகிறது. திருகோணமலையில் 1980இல் தொடங்கிய ப்ரீமா ஆலை, கொழும்பில் செரண்டிப் ஆலை, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் அதை அரைக்கின்றன. அதற்கு அப்பால் உலகத் தானிய வியாபாரத்திலும் ஏடிஎம், பஞ்சி, கார்கில், லூயி டிரேபஸ் என்று ஒருசில கம்பனிகள்தான். 2025இல் பஞ்சி இன்னொரு பெரிய கம்பனியான விட்டெராவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

உடுக்கையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கோடிக்கணக்கான விவசாயிகள், மறுபக்கம் கோடிக்கணக்கான வயிறுகள். நடுவில் இடுப்பு ஒடுங்கிய இடத்தைப் பிடித்திருப்பவன் சத்தத்தை ஆட்டுவிக்கிறான்.

தேயிலைக்கும் இதே கதைதான். தராசடியில் ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள், எடை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு நாம் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம்! 2021இல்தான் அது கிடைத்தது. 1350 ஆக 2024 வரை காத்திருந்தோம். நடுவே 2022இல் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை, லிப்டன் பெயரோடு, சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று முடித்தது. விலை 450 கோடி யூரோ. லிப்டன் துரை 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கினார். நம் பாட்டன் பூட்டிகள் கொழுந்தெடுத்துத்தான் அந்தப் பெயர் உலகமெல்லாம் போனது. பெயர் கைமாறியபோது இந்த மலையில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, மரக்கறித் தோட்டத்துக்கு வாருங்கள். கந்தப்பளையில், வெலிமடையில் கரட் போடுகிறவர் ஒவ்வொரு போகத்துக்கும் வெளிநாட்டு ஒட்டுவிதை டின்னைத்தான் உடைக்கிறார். அதில் எடுக்கும் விதையை மறுபடி போட்டால் பயிர் ஒரே சீராக வராது. 2017இல் கெம்சைனா என்ற சீனக் கம்பனி, விதையும் பூச்சி மருந்தும் விற்கும் சின்ஜென்டாவை வாங்கியது, 2018இல் பேயர் என்ற ஜெர்மன் கம்பனி மொன்சான்டோ என்ற விதைக் கம்பனியை வாங்கியது. இப்போது உலகச் சந்தையில் விதை விற்கிற பெரிய கைகள்தான் பூச்சி மருந்தும் விற்கின்றன.

இதற்கு மாற்று, ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் நிறுத்துவதல்ல. 2021இல் இரசாயன உரத்தை அப்படித்தான் தடை செய்தார்கள். கொழுந்து குறைந்தது, மரக்கறி வாடியது, சில மாதங்களிலேயே தடையை எடுத்தார்கள். பாடுபட்டவன்தான் நட்டப்பட்டான்.

விதையைச் சேமிக்கக் கூட்டாகத் தொடங்குவோம், சங்கத்தை விடாமல் பிடிப்போம். அடுத்த சம்பளப் பேச்சில் இன்னொன்றையும் கேளுங்கள். கொழும்பு ஏலத்தில் நம் தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்று வாராவாரம் பெரட்டுக் களத்தில் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கொழுந்து எடுத்தவளுக்கு அந்தக் கணக்கைப் பார்க்க உரிமை உண்டு.