விரல் மடங்காத கைக்கு ஒரு கரண்டிப் பட்டி

[காட்சி: லயன் வீட்டு வாசல். மேசையில் பழைய ஸ்கூல் பேக், கரண்டி, வெல்குரோ.]

குரல்: முள்ளந்தண்டில் அடிபட்டு விரல் செயலிழந்தவர் தன் கையால் சாப்பிட விரல் பலம் தேவையில்லை. முழங்கை மடங்கிக் கை வாய்வரை போனால் போதும். உள்ளங்கையைச் சுற்றிக் கட்டும் பட்டி கரண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். உள்ளங்கை கீழே பார்க்க, முன்கையை மேசையில் வைத்துக் கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். தூக்கினால் பட்டி மட்டும் போதும். தொங்கினால் மணிக்கட்டுக்குத் தாங்கியும் வேண்டும், இல்லாவிட்டால் கரண்டி சாய்ந்து சோறு மடியில் கொட்டும்.

[காட்சி: மணிக்கட்டு உயர, விரல்கள் மெல்ல மடங்குகின்றன.]

தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்குகின்றன, பாருங்கள். அந்தப் பிடி பெரிய சொத்து. விறைத்துவிட்டதே என்று மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாகப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்தாதீர்கள். தசைநாண் தளர்ந்தால் பிடி போய்விடும்.

பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளவெடுங்கள். 20 சென்டிமீட்டர் வந்தால், ஸ்கூல் பேக்கின் 4 சென்டிமீட்டர் அகலத் தோள்பட்டியில் 30 வெட்டுங்கள். புறங்கையில் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், கீழ் நுனிக்குப் பஞ்சுப் பக்க வெல்குரோ 10 சென்டிமீட்டர், மேல் நுனியின் அடியில் கொக்கிப் பக்கம் 5. கொக்கி தோலில் படவே கூடாது. மேல் நுனியில் பல்லால் இழுக்க ஒரு வளையம் தைத்துவிடுங்கள்.

உள்ளங்கைப் பக்கம் 8 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பை, சுண்டுவிரல் பக்கம் மூடி, பெருவிரல் பக்கம் திறந்து. பெரும்பாலும் பிழை வருவது இதன் அகலத்தில்தான். கொஞ்சம் தளர்ந்தாலும் கரண்டி சுழலும். தட்டைக் கைப்பிடி உள்ள எவர்சில்வர் கரண்டியை வைத்து, ஓரத்தை ஒட்டியே தையுங்கள். கரண்டியின் கழுத்தை வாய்ப்பக்கம் வளையுங்கள்.

[காட்சி: ஆவி பறக்கும் சட்டி, எஸ்லோன் பைப் துண்டு.]

மணிக்கட்டுத் தாங்கிக்கு 3 அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பை நெடுக்கே பிளந்து, உள்ளங்கை நடுவிலிருந்து முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு வரை வெட்டி, கொதிநீரில் போட்டு இளக்குங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பிவிசி 80 பாகையளவில் இளகும் என்பதால் அது போதும். ஆனால் குளிரில் சீக்கிரம் இறுகும், சட்டிக்குப் பக்கத்திலேயே வளையுங்கள். நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை நுரையீரலை அரிக்கும். உணர்ச்சியில்லாத கைமேல் சூடாக வைக்கவே வேண்டாம். அதே அளவு கையுள்ள இன்னொருவரின் கையில் தடித்த துவாயைச் சுற்றி, மணிக்கட்டு சற்று மேலே நிமிர்ந்திருக்க வளைத்தெடுங்கள். ஓரங்களைத் தேய்த்து, உள்ளே ஸ்பொன்ஜ் ஒட்டுங்கள்.

முதல்நாள் 20 நிமிடம் மட்டும். கழற்றி அரைமணி நேரமாகியும் சிவப்பு மறையாத இடத்தில் அழுத்தம் இருக்கிறது, அங்கே திருத்துங்கள். மழைக்காலத்தில் ஈரப் பட்டி தோலை ஊறவைக்கும். இரண்டாகத் தைத்து, ஒன்றை அடுப்படியில் காயவிடுங்கள்.