கதவோரக் கேள்விகள்: பெண்களின் நோன்பை எது முறிக்கும்?

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

நேயர்களே, பெண்களின் நோன்பை எது முறிக்கும், எது முறிக்காது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். மனைவியோ மகளோ சகோதரியோ இருக்கிற வீட்டில் இது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

பெண்களுக்கு மார்க்கப் பாடம் நடத்துகிற எனக்கு ரமளானில் வரும் கேள்விகள் இரண்டு வகை. கண்ணுக்குச் சுர்மா இடலாமா, தலைக்கு எண்ணெய் தேய்க்கலாமா, உப்புப் பார்க்கலாமா என்று எல்லோர் முன்னிலையிலும் உரக்கக் கேட்கப்படுபவை ஒரு வகை. பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், கதவோரம் நின்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுபவை இன்னொரு வகை. நோன்பு செல்லுமா செல்லாதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பொறுத்தே இருக்கிறது. கேட்கக் கூசி, தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் தவறாகவே நடந்துவரும் பெண்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கூச்சம் நமக்கு முன்மாதிரியான பெண்களிடம் இருக்கவில்லை. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, "உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை" என்று தொடங்கி, பெண்ணுக்கு உறக்கத்தில் ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு கடமையா என்று நேராகவே கேட்டார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்காத மதீனாவின் அன்சாரிப் பெண்களை நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மாதவிடாய் பற்றிய சட்டங்களில் முக்கியமானவை பலவும் இப்படிப் பெண்கள் கேட்டதாலும், பெண்கள் அறிவித்ததாலும் நம் கைக்கு வந்தவை.

முதலில் ஹைளு, அதாவது மாதவிடாய். இரத்தம் வெளிப்பட்டவுடன் நோன்பு முறிந்துவிடும். சூரியன் மறையும் மஃரிபுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தாலும் அன்றைய நோன்பு இல்லை. பின்னர் களா செய்ய வேண்டும், அதாவது விடுபட்டதை வேறொரு நாளில் நோற்க வேண்டும். நாளெல்லாம் பசித்திருந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் இப்படி ஆகும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். அந்தப் பசிக்குரிய கூலியை அல்லாஹ் வீணாக்க மாட்டான் என்று நம்பலாம். நோன்பின் கணக்கில் மட்டும் அந்த நாள் சேராது. அதே நேரத்தில், மதியத்திலிருந்தே வயிற்று வலி, இடுப்பு வலி, வரப்போகிறது என்ற உணர்வு எல்லாம் இருந்து, இரத்தம் மட்டும் மஃரிபுக்குப் பிறகுதான் வெளிப்பட்டது என்றால் அந்த நோன்பு முழுமையானது. வலியும் உணர்வும் எதையும் முறிப்பதில்லை. மஃரிப் தொழுகைக்குப் பின் பார்க்கும்போது கறை இருக்கிறது, முன்பே வந்ததா இப்போது வந்ததா தெரியவில்லை என்றால் என்ன செய்வது? உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டக் கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. நோன்பு இருந்தது உறுதி. முன்பே வந்தது ஐயம். நோன்பு செல்லும்.

ஹைளு நாளில் நோன்பு இருப்பது கூடாது. கடமை இல்லை என்பதோடு நிற்காது, அது தடுக்கப்பட்டது. இருந்தாலும் செல்லாது. இங்கேதான் வீட்டு ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரிந்துவிடுமே என்று, நோன்பு இல்லாத நாளிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் மஃரிப் வரை வாடிக் கிடக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கும் எழுந்து உட்கார்ந்து நடிக்க வேண்டியிருக்கிறது. மார்க்கம் உண்ணச் சொன்ன நாளில் ஒரு பெண் தன் வீட்டிலேயே திருட்டுத்தனமாக உண்ண வேண்டியிருந்தால், அது அவள் வெட்கத்தின் குறை அன்று; அந்த வீட்டின் குறை. "நீ ஏன் நோன்பு இல்லை?" என்ற கேள்வியை வீட்டு ஆண்கள் கைவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

விடுபட்ட தொழுகையைக் களா செய்யாத பெண், நோன்பை மட்டும் ஏன் களா செய்கிறாள் என்று முஆதா என்ற பெண்மணி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டார். "நீ ஹரூரிய்யாவா?" என்று திருப்பிக் கேட்டார்கள் அன்னை. ஹரூரா என்பது, மார்க்கத்தில் வரம்பு மீறிய கவாரிஜ் கூட்டத்தார் திரண்ட இடம். முஆதா தயங்கவில்லை. "நான் ஹரூரிய்யா இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்றார். எங்களுக்கும் மாதவிடாய் ஏற்படும். நோன்பைக் களா செய்யும்படி ஏவப்பட்டோம், தொழுகையைக் களா செய்யும்படி ஏவப்படவில்லை என்று விடை வந்தது. தொழுகை நாளுக்கு ஐந்து வேளை; அத்தனையையும் திரும்பத் தொழுவது பெரும் சுமை. நோன்பு ஆண்டுக்கு ஒரு மாதம்தான். இது பின்வந்த அறிஞர்கள் சொன்ன விளக்கம்.

அடுத்தது சுத்தமாகும் நேரம். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். ஆயிஷா (ரலி) அவர்களிடம் பெண்கள் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தனுப்புவார்கள். உள்ளே பஞ்சு, பஞ்சில் மஞ்சள் நிறம். "வெள்ளை நிறக் கசிவைக் காணும்வரை அவசரப்படாதீர்கள்" என்று பதில் வரும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில் அன்னைக்கு அருவருப்பு இருக்கவில்லை. அனுப்பியவர்களுக்கும் கூச்சம் இருக்கவில்லை. பெண்ணின் சுத்தம் இப்படித்தான் தெரியும்: வெள்ளைக் கசிவு வரும், அல்லது பஞ்சு வைத்துப் பார்த்தால் நிறம் எதுவும் ஒட்டாமல் வெளிவரும். மாதவிடாயின் தொடர்ச்சியாக வரும் மஞ்சளும் பழுப்பும் மாதவிடாய்தான். முழுமையாகச் சுத்தமான பிறகு தனியே தோன்றும் மஞ்சள், பழுப்பை நாங்கள் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை என்று உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மத்ஹபுகள் என்னும் சட்டப் பள்ளிகள் இதை நாட்கணக்கோடு சேர்த்துப் பார்க்கின்றன. ஹைளின் அதிகபட்சம் ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள், ஹனஃபியில் 10. குறைந்தபட்சம் ஷாஃபிஈயில் ஒரு பகலும் ஓர் இரவும், ஹனஃபியில் 3 நாட்கள். ஆகவே தன் மத்ஹபின் கணக்கு எது என்று ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொன்ன விடை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சுப்ஹுக்கு, அதாவது விடியலுக்கு, முன்பே சுத்தமாகிவிட்டாள், குளிக்கத்தான் நேரமில்லை. அவள் நோன்பு நோற்கலாமா? நோற்கலாம், நோற்கவும் வேண்டும். நோன்புக்குக் குளிப்பு நிபந்தனை இல்லை; தொழுகைக்குத்தான் நிபந்தனை. நபி (ஸல்) அவர்கள் இல்லறக் குளிப்புக் கடமையான நிலையில் சுப்ஹை அடைந்து, பின்னர் குளித்து, நோன்பைத் தொடர்ந்திருக்கிறார்கள். இதை அறிவிப்பவர்கள் நபியவர்களின் மனைவியரான அன்னையர் ஆயிஷாவும் உம்மு ஸலமாவும். ஆனால் சூரியன் உதிப்பதற்குள் குளித்து சுப்ஹுத் தொழுதுவிட வேண்டும். 10 நாட்கள் நிறையும் முன்பே இரத்தம் நின்றிருந்தால், சுப்ஹுக்கு முன் குளிக்கும் அளவு நேரமாவது இருந்திருக்க வேண்டும் என்று ஹனஃபி மத்ஹப் ஒரு நிபந்தனை வைக்கிறது. நோன்பு நோற்கிறேன் என்று எண்ணம் கொள்ளும் நிய்யத்தையும் மறந்துவிடக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில் கடமையான நோன்புக்கு இரவிலேயே நிய்யத் வைத்தாக வேண்டும். ரமளான் நோன்புக்கு நண்பகலுக்கு முன்வரை ஹனஃபியில் இடம் உண்டு. எனவே சுத்தமாகும் தறுவாயில் இருக்கும் பெண், சஹர் நேரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பகலில் சுத்தமானால் அன்றைய நோன்பு கணக்கில் இல்லை. மஃரிப் வரை உண்ணாமல் இருப்பது ஹனஃபியில் அவசியம், ஷாஃபிஈயில் விரும்பத்தக்கது. இரண்டிலும் களா உண்டு.

நாட்கணக்கைத் தாண்டியும் இரத்தம் நிற்கவில்லை என்றால் அது இஸ்திஹாளா. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், எனக்கு இரத்தம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது, அது ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது, மாதவிடாய் அன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இந்தப் பெண் தொழுவாள், நோன்பும் நோற்பாள். இரத்தம் வந்துகொண்டே இருந்தாலும் நோன்பு முறியாது. வெள்ளைப்படுதலும் நோன்பை முறிக்காது.

பிரசவத்துக்குப் பின் வரும் நிஃபாஸ் இரத்தத்துக்கும் ஹைளின் சட்டமே. இதில் வேரூன்றிப் போன ஒரு தவறு, 40 நாள் முடிந்தால்தான் குளிப்பு என்பது. 40 என்பது ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளில் அதிகபட்ச எல்லை; ஷாஃபிஈயில் அதிகபட்சம் 60, வழக்கமான அளவு 40. அது உச்ச வரம்பு, அந்த நாள்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டளை இல்லை. 20 நாளில் நின்றுவிட்டால் 20 நாளில் குளித்துத் தொழ வேண்டியதுதான். நோன்பு நோற்க உடலில் தெம்பு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் சலுகை உண்டு. பயணியிடமிருந்தும் கர்ப்பிணியிடமிருந்தும் பாலூட்டுபவளிடமிருந்தும் அல்லாஹ் நோன்பின் சுமையை நீக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. தன் உடலுக்கு அஞ்சி நோன்பை விட்டால் களா மட்டும். குழந்தைக்கு மட்டும் அஞ்சி விட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து, அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவு தானியம், ஏழைக்கு ஃபித்யாவாக, அதாவது ஈடாக, கொடுக்க வேண்டும். ஹனஃபியில் களா போதும். பாலூட்டுவதால் நோன்பு முறியாது. பாலைப் பீய்ச்சி எடுத்தாலும் முறியாது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், கர்ப்ப காலத்தில் முப்பதும் பிடித்தேன் என்று பெருமை பேசுவதற்காக நோற்பதை நான் வணக்கமாக எண்ண மாட்டேன். உங்களுக்கு அல்லாஹ் எளிதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்பது நோன்பைப் பற்றிய வசனத்திலேயே வருகிற சொல்.

மருத்துவமனைக்கு வருவோம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இது பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது. பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, கழுவும் மருந்து, மருத்துவரின் உட்பரிசோதனை, கருப்பைக்குள் பொருத்தும் சாதனம் ஆகியவை நோன்பை முறிக்காது என்று அது சொல்கிறது. ஊட்டச்சத்தாக ஏற்றப்படும் திரவங்களைத் தவிர மற்ற ஊசிகளும் முறிக்காது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்களில், திறந்த துவாரம் வழியாக உள்ளே செல்லும் எதுவும் நோன்பை முறிக்கும் என்றே இருக்கிறது; பெண்ணுறுப்பும் அதில் அடங்கும். அவசரமில்லாத பரிசோதனையை மஃரிபுக்குப் பின்னோ ரமளானுக்குப் பின்னோ வைத்துக்கொண்டால் இந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்து விலகிவிடலாம். அவசரம் என்றால் தள்ளிப்போட வேண்டாம், போய்ப் பாருங்கள். நோன்பின் கணக்கைப் பிறகு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். உடலுக்குக் கேடில்லை என்று மருத்துவர் சொன்னால் ஆகும். இரத்தம் வராதவரை நோன்பும் செல்லும். ஆனாலும் அதை நான் ஊக்குவிப்பதில்லை. ஹைளு ஆதமின் பெண் மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று, ஹஜ்ஜின்போது அழுத ஆயிஷாவுக்கு நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

உரக்கக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விரைவாகவே விடை சொல்லிவிடலாம். தேவைக்காக நாவில் உப்புப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதை அனுமதித்திருக்கிறார்கள். விழுங்கினால்தான் முறியும். சுர்மா, மருதாணி, எண்ணெய், நறுமணம், குளியல் எதுவும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் முறிக்காது. தானாக வந்த வாந்தி முறிக்காது, வேண்டுமென்றே எடுத்தது முறிக்கும். கர்ப்பிணியின் காலை வாந்தி முதல் வகை. மறந்து உண்டவள் நோன்பைத் தொடரட்டும். அவளுக்கு உணவளித்தவன் அல்லாஹ்.

கணவன் மனைவி உறவு நோன்பிருக்கும் பகலில் கூடாது. நடந்துவிட்டால் நோன்பு முறிந்து களாவும் கஃப்பாரா என்னும் பரிகாரமும் வரும்: இரண்டு மாதம் தொடர் நோன்பு, முடியாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு. ஷாஃபிஈயில் கஃப்பாரா கணவன் மீது மட்டும், மனைவிக்குக் களா. ஹனஃபியில் அவளும் விரும்பி இணங்கியிருந்தால் இருவர் மீதும். அந்த இரண்டு மாத நோன்பின் நடுவே மாதவிடாய் வந்தால் தொடர்ச்சி அறுந்ததாகாது. சுத்தமானதும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

கடைசியாகக் களா. எனக்கு விடுபட்ட நோன்புகளை ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஅபானில்தான் நோற்க முடிந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிறார்கள். ஆகவே உடனே முடிக்க இயலவில்லையே என்று பதற வேண்டாம். அடுத்த ரமளானுக்கு முன் முடித்துவிடுங்கள். காரணமின்றி அதையும் தாண்டினால் ஷாஃபிஈயில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து ஃபித்யாவும் சேரும், ஹனஃபியில் களா மட்டும். வயதுக்கு வந்த முதல் ஆண்டுகளில், யாரும் சொல்லித் தராததால், விடுபட்ட நோன்புகளைக் களா செய்யாமலே விட்ட பெண்கள் நிறைய. அவர்கள் ஹைளு நாட்களின் வழக்கத்தையும் ஆண்டுகளையும் பெருக்கிப் பார்த்து, இதற்கு மேல் இருக்காது என்று மனம் உறுதிகொள்ளும் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு என்றாலும் நோற்கத் தொடங்கலாம். மகள்களின் விடுபட்ட நாட்களை ரமளான் முடிந்த கையோடு ஒரு நாட்காட்டியில் குறித்து வைக்கும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.