சைக்கிள் ஹப்ல கப்-கோனா, கார்ட்ரிட்ஜ் பேரிங்கா?

வணக்கம் மக்களே, பெங்களூர் அல்சூர்ல எங்க வீட்டு மொட்டை மாடில இருந்து பேசுறேன், நடுவுல குக்கர் விசில் கேட்டா கண்டுக்காதீங்க.

(ரெண்டு வீலையும் கையால சுத்தி விடுறேன்)

வீலோட நடு உருளைதான் ஹப், அது ஆக்ஸில்ங்கிற நடுக்கம்பி மேல வழுக்கிச் சுத்த உள்ள பேரிங் இருக்கும், அதுல ரெண்டு வகை. இது கப்-கோன், ஹப்ல இருக்குற கிண்ணத்துக்கும் (கப்) ஆக்ஸில்ல திருகுற கோனுக்கும் நடுவுல பால்ஸ் தனித்தனியா ஓடும். இது கார்ட்ரிட்ஜ், வளையம், பால்ஸ், சீல் எல்லாம் ஒரே துண்டா வர்ற பேரிங். பாருங்க, கப்-கோன் இன்னும் சுத்திட்டே இருக்கு, கார்ட்ரிட்ஜ் அதுக்குள்ள நின்னுடுச்சு. இதைக் காட்டி யாராவது வியாபாரம் பேசினா ஏமாறாதீங்க, கார்ட்ரிட்ஜ்ல ரப்பர் சீல் லேசா உரசுது, ஏறி உக்காந்து மிதிக்கும்போது டயர் இழுக்குற இழுவைக்கு முன்னாடி அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல.

கப்-கோன்ல பால்ஸ் கிரீஸ்ல உக்காந்திருக்கும், பின் வீல்னா பெரும்பாலும் சைடுக்கு 9, கால் இன்ச் சைஸ். பாலை சாய்வா பிடிக்கறதால பக்கவாட்டு லோடும் நல்லா தாங்கும், சைக்கிள் பார்ட்ஸ் கம்பெனி ஷிமானோ இன்னிக்கும் நிறைய ஹப்ல இதைத்தான் போடுறான்.

ஆனா இதோட வித்தையே கோனை எவ்வளவு டைட் வைக்குறோம்ங்கிறதுலதான். வீலை ஃப்ரேம்ல பிடிச்சு வைக்குற க்விக் ரிலீஸ் லீவரை இறுக்கினா ஆக்ஸில் இம்மியளவு அமுங்கும், அதனால வீலை கழட்டி வச்சு செட் பண்ணும்போது துளி ஆட்டம் விடணும், லீவர் போட்டதும் அந்த ஆட்டம் காணாம போகணும். இது தெரியாம நான் துளி ஆட்டம்கூட இல்லாம கச்சிதமா வச்சுட்டேன்னு பெருமையா ஒரு வருஷம் நந்தி மலை ஏறி இறங்கினேன், கழட்டினா இந்தா கோன், வெளிச்சத்துல சாய்ச்சு காட்டுறேன், பால் ஓடுற இடம் பூரா அம்மைத் தழும்பு மாதிரி குழி. கோன் மாத்திக்கலாம், கப் போச்சுன்னா பெரும்பாலான ஹப்ல மாத்த வழியில்ல, ஹப்பையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

கார்ட்ரிட்ஜ்ல அந்தத் தலைவலி இல்ல. மேலயே நம்பர் இருக்கும், இதுல 6902 2ஆர்எஸ், அப்படின்னா உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல். பேரிங் கடைல நம்பர் சொன்னா போதும், சைக்கிள் கடையே வேணாம். மாட்டும்போது மட்டும் வெளி வளையத்துல அமுக்குங்க. எனக்கு ஒருத்தர் உள் வளையத்துல சுத்தியலால அடிச்சு மாட்டினார், "அண்ணா, அங்க அடிக்காதீங்க"ன்னேன், "ஒண்ணும் ஆகாது தம்பி"ன்னார், வீட்டுக்கு வந்து ஆக்ஸிலை விரலால உருட்டினா கரகரங்குது, புது பேரிங்!

விலை ஜாஸ்தியான செராமிக் பால் பேரிங்கா? அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்க.

மழையோ வெயிலோ தினம் ஆபீஸ் ஓட்டுறவங்க கார்ட்ரிட்ஜ் எடுங்க, ஞாயித்துக்கிழமை ஸ்பேனர் பிடிச்சு கிரீஸ் பூசிக்க ஆசைன்னா கப்-கோன். எதுவானாலும் வாட்டர் வாஷ்ல தண்ணி பீய்ச்சுற பிரஷர் கன்னை ஹப் பக்கம் மட்டும் காட்ட விடாதீங்க, சீல் இருந்தாலும் அந்த பிரஷருக்கு தண்ணி உள்ள போயிடும்.