கண்மாய் மாதிரி ஒரு கடல்

(காரைக்குடியில் நண்பர்கள் கூட்டிய ஒரு சின்னக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நான் தொண்டிக்காரன் என்றதுமே முன்வரிசையில் இருக்கிற ஆச்சி, "கொடுத்து வச்ச ஆளு தம்பி, தினம் காத்து, தினம் மீனு" என்றார்கள். காத்து சரிதான் ஆச்சி. மீனுக்கு அப்புறம் வருகிறேன்.

இங்கிருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பையை வைத்ததும் கடற்கரைக்கு ஓடுவார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "என்னப்பா, அலையே இல்ல, கண்மாய் மாதிரி கெடக்கு" என்பார்கள். பாக் விரிகுடா அப்படித்தான். எதிரே இலங்கை, தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல் திட்டுகளும், போதாததற்கு ஆழமும் குறைவு, பெருங்கடல் அலை உள்ளே வருவதற்கு வழியே இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் குளம் மாதிரிக் கிடக்கிற தண்ணீர், வாடைக்காற்று எழுந்தால் ஆளே மாறிவிடும். 1964 டிசம்பரில் ஒரே ராத்திரியில் தனுஷ்கோடியை அழித்த புயலைச் சின்ன வயதில் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் கடலைக் கண்மாய் என்று சொல்ல மாட்டார்கள்.

(சங்கப் பாட்டில் வருகிற தொண்டி நீங்கதானே என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பெருமை பெரும்பாலும் மேற்குக் கரையில் இருந்த சேரன் தொண்டிக்கு.)

எங்களுக்குக் கடல் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது, உப்பாக. ஜன்னல் கம்பியை வருஷா வருஷம் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்காவிட்டால் ஒருநாள் கையோடு வந்துவிடும். ஃபேன் றெக்கை பொரிந்து, காலையில் பாயில் துரு செதில் செதிலாக உதிர்ந்து கிடக்கும், அம்மா அதைக் கூட்டிக்கொண்டே "மீன் வாங்காமலே செதிலு" என்பார். உங்கள் வீடுகளின் பர்மா தேக்குக் கதவைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பூம்புகாரைக் கடல் கொண்டதால் இங்கே வந்தோம், அந்தப் பயத்தில்தான் வீட்டை இவ்வளவு உயரத்தில் எடுத்தோம் என்று நகரத்தார் வீடுகளில் சொல்வார்கள். அப்படி ஒதுங்கி வந்தவர்கள்தான் கொண்டு விற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள், தேக்கும் கடல் வழியாகத்தான் வந்தது. துரு மட்டும் எங்களுக்கு!

சரி, மீன். வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு, இதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் எந்தக் கிழமை தூங்கி வழிவான் என்பது வரைக்கும் அந்தக் கணக்குதான். விடியுமுன் கூடை கரையில் இறங்கும். ஏலம் விடுகிறவர் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார், வெளியாளுக்கு ஒரு எண்கூட விளங்காது, அதற்குள் இறாலும் நண்டும் கணவாயும் ஐஸ் பெட்டிக்குள் போய் வண்டி ஏறிவிடும். எங்கள் சட்டிக்கு மிஞ்சுவது காரலும் சூடையும். குறை சொல்லவில்லை, காரல் ரசத்துக்கு ஈடு கிடையாது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், மர நிழலில் வலை பின்னுவார்கள், கடைகளில் கடன் நோட்டு தடிக்கும். நாட்டுப்படகில் வருகிற கொஞ்சத்துக்கும் விலை கிட்ட நெருங்க முடியாது. சரியாக அப்போதுதான் காரைக்குடியிலிருந்து போன் வரும்: "தம்பி, விருந்தாள் வந்திருக்காக, ரெண்டு கிலோ நண்டு வாங்கி பஸ்ல குடுத்து விடேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, ஆச்சி.