கிருமி இல்லை என்று வந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருடைய நாடியையும் பிடித்துப் பார்த்ததில்லை. நான் பிடித்ததெல்லாம் யூரின் பாட்டில்தான். எழும்பூர்ப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பிரிவில் 31 வருடம் இருந்தேன். 'மேடம், காலை நேரம், காபி குடித்துக்கொண்டே கேட்பார்கள், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்' என்று நிலையத்தில் சொன்னார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசித்தான் நம் வீடுகளில் பாதிப் பெண்கள் நீர்க்கடுப்பை மாதக்கணக்கில் வெளியே சொல்வதில்லை.

சென்னையில் இதற்கு 'சூடு பிடிச்சிருக்கு' என்று பெயர். மே மாதம் வந்தால் இளநீர், நீர்மோர், பார்லி கஞ்சி. நல்லதுதான், எந்தப் பெயரில் போனாலும் உள்ளே போவது தண்ணீர். ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது வருடத்தில் மூன்று தடவை வந்தால் அதைச் சூடு என்று விட்டுவிடக்கூடாது. திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

ஏன் பெண்களுக்கு? ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 4தான். பெரும்பாலும் இதற்குக் காரணமான ஈ.கோலை நம் குடலிலேயே குடியிருக்கும் கிருமி. அதற்கு நடை தூரம் குறைவு, அவ்வளவுதான். சுத்தமில்லாதவள் என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். அதைக் கேட்டு மனம் நொந்து, டெட்டால் ஊற்றிக் கழுவிப் புண்ணாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, என் பாட்டிலுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவருவார்கள். கழுவித்தான் இருப்பார்கள், ஆனாலும் மூடியைத் திறந்தால் ஆவக்காய் வாசனை. இன்று மூடி போட்ட சுத்தமான பாட்டில் எங்களிடமே கிடைக்கிறது. முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் கொண்டுவர வேண்டும். காலை ஏழு மணிக்குப் பிடித்து, சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, பஸ் பிடித்து வந்தால் மணி பத்து. வசதியான சூட்டில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். எனக்கு வந்து சேர்வது உங்கள் யூரின் இல்லை, ஈ.கோலை போட்ட குட்டிகள். இரண்டு மணி நேரத்துக்குள் வர முடியாதா? ஃபிரிட்ஜில் வையுங்கள். மாமியார் முறைத்தால் ஒரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்.

இதை நான் ஒரு பெண்ணிடமிருந்துதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஒரே வருடத்தில் மூன்று முறை கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுத்திருந்தாள். நான்காவது முறை, பழைய ரிப்போர்ட்டுகளைக் கட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேஜையில் பரப்பினாள். "மேடம், மூணு தடவையும் கிருமியே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப எனக்கு எரியுறது பொய்யா?"

மூன்றிலும் கையெழுத்து என்னுடையது. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "மாத்திரை ஏதாவது போட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "நேத்து நைட் ஒண்ணு, காலைல ஒண்ணு. மெடிக்கல் ஷாப்ல எப்பவும் குடுக்கறதுதான். எரிச்சலோட எப்படி மேடம் வந்து பாட்டில் புடிக்கறது?"

அதுதான் விஷயம். ஆன்டிபயாட்டிக் ஒரு வேளை உள்ளே போனாலே, கிருமி வளர்க்கும் என் தட்டில் எதுவும் முளைக்காமல் போகலாம். கிருமி உடம்பில் சாகாமல் பதுங்கியிருக்கும், ரிப்போர்ட்டில் மட்டும் இருக்காது. மூன்று தடவையும் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த முறை எரிச்சல் ஆரம்பித்ததும், கடை திறக்கும் முன்னால் வந்தாள். கையில் பிரிக்காத மாத்திரை அட்டை. இரண்டு நாளில் தட்டு நிறைய ஈ.கோலை வளர்ந்தது. எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்தால், அவள் வருடம் முழுக்க விழுங்கிய அதே மாத்திரைக்கு அது இதற்குள் பழகிப்போய், அசையவே இல்லை! டாக்டர் மருந்தை மாற்றினார். அதற்குப் பிறகு எங்கள் விண்ணப்பத் தாளில் 'கடைசியாகப் போட்ட மாத்திரை எது, எப்போது' என்று ஒரு வரி சேர்த்தோம்.

இன்னொன்றும் சொன்னாள். காலையிலிருந்து இரவு வரை அரை லிட்டர் தண்ணீர்தான் குடிப்பாளாம். கழிப்பறை நான்காவது மாடியில், போய்வந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பாராம். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாற்காலி வந்த பிறகும் நான்காவது மாடி கீழே இறங்கி வரவில்லை. தண்ணீர் குடிப்பது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து பல்கேரியாவில் ஒரு வருடம் பார்த்தார்கள், 2018-இல் வெளியான ஆய்வு. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

திரும்பச் சொல்கிறேன், இப்போதுதான் ரேடியோவைப் போட்டவர்களுக்காக: முதல் மாத்திரைக்கு முன்னால் பாட்டில். ஆனால் குளிர் காய்ச்சல், விலாப் பக்கம் வலி, வாந்தி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனை. பாட்டிலை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், மாத்திரையே போடவில்லை, பாட்டிலும் சரி, அப்படியும் கிருமி இல்லை என்று வந்தால்? ரிப்போர்ட்டில் 'பஸ் செல்' என்று இருக்கும், நம் 29சி பஸ் இல்லை, சீழ் அணு. அது நிறைய இருந்தும் திரும்பத் திரும்பக் கிருமி முளைக்கவில்லை என்றால், நம் ஊரில் காசநோயையும் நினைக்க வேண்டும். அந்தக் கிருமி என் சாதாரணத் தட்டில் வளராது. தனிப் பரிசோதனை கேட்க வேண்டும்.

சீழ் அணுவும் இல்லை, ஆனால் அடிவயிற்றில் வலி? இதைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துக்காரர் மூன்று விரல் காட்டுகிறார். வேகமாகச் சொல்கிறேன். சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி ஏறி, போய்வந்தால் கொஞ்சம் தணிகிறதா? அது அந்தப் பையின் வலியாகவே இருக்கலாம், தொற்று இல்லை, ஆன்டிபயாட்டிக் அதற்கு உதவாது. இடுப்புக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்கும் தசைகள் இறுகிப்போனாலும் இதே வலி வரும். அதைத் தளர்த்தப் பிசியோதெரபி உண்டு. இறுக்கும் பயிற்சியை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், வலி கூடலாம். மாதவிலக்கோடு ஏறி இறங்கும் வலியென்றால் எண்டோமெட்ரியோசிஸ் பற்றி, கருப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்வது அது, மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தொற்றைக் குறைக்கும், அது தனிக் கதை, ஒரு விரல்தான் மிச்சம்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு, வலி போவதற்கு முன்னாலா பின்னாலா. பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள், கிருமி இல்லை என்று எழுதியிருப்பதையும் சேர்த்து. கட்டைப்பையிலேயே போதும்.

வணக்கம்.