பிணைப்புக் கோட்பாட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

“முதல் இரண்டு ஆண்டுகளில் தாய் அருகில் இல்லாவிட்டால் குழந்தையின் மனநலம் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்று பிணைப்புக் கோட்பாடு சொல்வதாகப் படித்தேன். நான் பகலில் மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குச் செல்கிறேன். இந்தக் கோட்பாட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். நீங்கள் படித்தது, இக்கோட்பாட்டை உருவாக்கிய பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதித் தந்த அறிக்கையின் சாயலில் உள்ளது. கோட்பாடு அங்கேயே நின்றுவிடவில்லை.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். பால் கொடுப்பதனால்தான் குழந்தை தாயிடம் ஒட்டிக்கொள்கிறது என்றே அக்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர்களும் கற்றல் கோட்பாட்டினரும் பெரும்பாலும் கருதிவந்தனர். பௌல்பி அதை மறுத்து, ஆபத்து நேரத்தில் ஒருவரை நாடி ஒண்டுவதே குழந்தையின் இயல்பு என்றார். கம்பியால் செய்த ‘தாயிடம்’ பால்புட்டி இருந்தும், குரங்குக்குட்டிகள் துணி சுற்றிய ‘தாயைக்’ கட்டிக்கொண்டே பெரும்பாலான நேரத்தைக் கழித்தன என்று 1958இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ வெளியிட்ட ஆய்வு அவருக்குப் பெருந்துணையாயிற்று. நடைமுறைப் பயனும் சிறிதன்று. நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் பார்க்கவே பிரிட்டிஷ் மருத்துவமனைகள் கடுமையாகக் கட்டுப்பாடு விதித்திருந்த காலம் அது; பௌல்பியின் சகா ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் படம்பிடித்துக் காட்டினார். பார்வை நேரத்தைத் தளர்த்துமாறு 1959இல் அரசுக்குழுவே பரிந்துரைத்தது. ஓர் உளவியல் கோட்பாடு இவ்வளவு வெளிப்படையாக நன்மை செய்வது அரிது.

இரண்டாவது பலம் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் உழைப்பு. உகாண்டாவில் தாய்-சேய் உறவை நேரில் கவனித்த அவர், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு ஓராண்டு முழுவதும் ஆள் அனுப்பி, ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் கவனித்துக் குறிப்பெடுக்கச் செய்தார். அதன் முடிவில் நடத்தப்பட்டதே புகழ்பெற்ற ‘அந்நியச் சூழல்’ சோதனை: பொம்மைகள் உள்ள ஓர் அறை, தாய், முன்பின் அறியாத ஒரு பெண், பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடமாக நகரும் எட்டுக் கட்டங்கள். தாய் வெளியேறும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது அவளிடம் சென்று ஆறுதல் பெறுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, தூக்கிய பின்னும் கோபமாக உதைக்கிறதா என்பதையே முக்கியமாகப் பார்த்து, முறையே பாதுகாப்பான பிணைப்பு, தவிர்க்கும் பிணைப்பு, தடுமாறும் பிணைப்பு என்று வகுத்தனர். இன்று சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த 72 மணி நேரத்தைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில், பின்னால் வந்த சிக்கல்களில் பல அந்த மறதியிலிருந்தே தொடங்குகின்றன.

ஏனெனில் வீட்டை அறியாமல் அறையை மட்டும் பார்த்தால் தவறாகப் படிக்க நேரிடும். ஜப்பானில் சப்போரோ நகரில் 60 குழந்தைகளை இச்சோதனைக்கு உட்படுத்தியபோது தவிர்க்கும் வகையில் ஒருவர்கூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தடுமாறும் வகையில் விழுந்தனர். அங்குத் தாயைவிட்டுப் பிரிந்தே பழகாத குழந்தைக்கு அறையில் தனித்திருப்பது மிதமான சோதனை அல்ல, பெரும் அதிர்ச்சி. மாறாக, ஜெர்மனியின் பீலஃபெல்டில் ஏறத்தாழ பாதிப் பேர் தவிர்க்கும் வகையினர். குழந்தை சிறுவயதிலேயே தன்னைத் தானே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று அங்குள்ள பெற்றோர் எதிர்பார்த்ததையே ஆய்வாளர்கள் அதற்குக் காரணமாகக் கண்டனர். ஆயினும் இவ்விமர்சனத்தையும் மிகைப்படுத்தக் கூடாது. 8 நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்து 1988இல் வெளியான பகுப்பாய்வு, நாடுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடே அதிகம் என்று காட்டியது.

சோதனையில் தெரிவது தாயின் வளர்ப்பா, குழந்தையின் பிறவிச் சுபாவமா என்று உளவியலாளர் ஜெரோம் கேகன் எழுப்பிய ஐயத்திலும் நியாயம் உண்டு. குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் தாயின் நுண்ணுணர்வுக்கும் பாதுகாப்பான பிணைப்புக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்த 1997ஆம் ஆண்டுப் பகுப்பாய்வின்படி, அத்தொடர்பின் வலிமையைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.24 மட்டுமே. தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த எண் போதாது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய விமர்சனங்கள் இரண்டு. ஆய்வாளர்கள் ஷாஃபரும் எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1964இல் வெளியிட்ட ஆய்வில், பதினெட்டு மாத வயதில் ஒருவரிடம் மட்டும் பிணைப்புக் கொண்டிருந்தவர்கள் சிறுபான்மையினரே. தந்தை, தாத்தா, பாட்டி என்று பிணைப்பு விரிந்திருந்தது. அடுத்து, உளமருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972இல், இருந்த பிணைப்பிலிருந்து பிரிவதும் எவரிடமும் பிணைப்பே உருவாகாமல் போவதும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். பராமரிக்க நிலையான ஆளின்றி விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளிடம் கண்ட பாதிப்பை, பகலில் பாட்டியிடம் இருக்கும் உங்கள் மகனுக்குப் பொருத்துவது முறையாகாது.

அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 10 இடங்களில் நடந்த பெரிய ஆய்வும், பிறர் பராமரிப்பில் இருப்பது மட்டுமே 15 மாதக் குழந்தைகளின் பிணைப்பைக் கெடுக்கவில்லை என்றே கண்டது. பராமரிப்பின் தரம் குறைவாகவோ, நேரம் நீண்டோ, பராமரிப்பவர் அடிக்கடி மாறியோ இருந்து, அதனுடன் தாயின் கவனிப்பும் குன்றியிருந்தபோதுதான் பாதுகாப்பற்ற பிணைப்பு கூடுதலாகத் தென்பட்டது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது, பகலில் மகனைக் கவனிப்பவர் நிலையானவரா, நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவன் அழைத்தால் நீங்கள் செவிசாய்க்கிறீர்களா என்பவற்றையே. மாலையில் நீங்கள் வந்ததும் பாட்டியின் இடுப்பிலிருந்து அவன் இறங்க மறுத்தால், அதை வைத்து அவனை மேற்சொன்ன பிணைப்பு வகை எதிலும் சேர்த்துவிடாதீர்கள். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களே ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள்.